பின் டயருக்கு எவ்வளவு காற்று?

இன்று காரில் காற்று பிடிக்கக் குடவாசல் டயர் கடைக்குப் போனேன். "எவ்வளவுண்ணே வைக்கட்டும்?" என்றார் கடைக்காரர்.

எனக்குத் தெரியாததா? கார் கதவைத் திறந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உள்ளே ஒட்டியிருந்த சீட்டைப் பாடம் ஒப்பிக்கிற மாதிரி படித்தேன். "முப்பது."

பின்னால் நின்ற டிராக்டர்காரர் வரை சிரித்துவிட்டார்.

"அது கம்பெனி வீலுக்குண்ணே. நீங்க மாட்டியிருக்கறது பெரிய வீலு. டயரு உசரம் கம்மியா இருக்கு பாருங்க. பாரம் தாங்கணும்னா காத்து கொஞ்சம் கூட வேணும்."

போன தடவை சிங்கப்பூரிலிருந்து வந்தபோது மகன் மாட்டிவிட்ட வீல் அது. அது சுற்றும் என்பது வரைதான் எனக்குத் தெரியும்.

"எத்தனை பேரு ஏறுவீங்க?"

"நாளைக்குத் திருச்சி ஏர்போர்ட் போறேன். மகன், மருமக, பேத்தி, பெட்டிங்க எல்லாம் வரும்."

பேத்திக்கு இரண்டு வயது. போனில்தான் பார்த்திருக்கிறேன்.

"அப்ப பின்னாடி முப்பத்தாறு" என்று குனிந்தார்.

அந்த நேரம் பார்த்து மகன் கூப்பிட்டான். "அப்பா, லீவு கேன்சலாயிடுச்சுப்பா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம். பாப்பா பக்கத்துல இருக்கா, பேசுறீங்களா?"

பேசினேன்.

கடைக்காரர் நிமிர்ந்தார். "வச்சாச்சுண்ணே. ஃபுல் லோடு தாங்கும். பேத்திய பத்திரமாக் கூட்டிட்டு வாங்க."

"சரிங்க" என்றேன்.

பெரிய வீலில் தனியாளாக ஓட்டுகிறவர்கள் எவ்வளவு வைக்கிறீர்கள்? கமெண்டில் சொல்லுங்கள். "நான் ஒருத்தன்தான், கொஞ்சம் இறக்கி விடுங்க" என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.