விறகுப் பெட்டியில் எழுதிய பாடம்

ரயில் நிலையத்தில் இராக்காவல் என்பது, ஊர் தூங்குவதற்காக நாம் கண் எரிய உட்கார்ந்திருக்கும் தொழில். பகலில் தூக்கத்தோடு மல்லுக்கட்டிப் பாடம் படித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

முதல் பெஞ்சு

மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில், லாபிஸ் ஸ்டேஷன் ஆட்கள் எல்லோரும் காலையில் ஜப்பான் மொழி படிக்க வேண்டும். மூன்று பரீட்சை, தேறினவனும் மூன்றையும் எழுத வேண்டும். ஒன்றில்கூடத் தேறாதவனை ரயில் பாதை போட சயாமுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. போனவர்களில் ஒருவரும் அதுவரை திரும்பவில்லை.

நான் பள்ளிக்கூடம் போகாதவன். பொட்டலம் கட்டி வந்த தாளில் இங்கிலீஷ் கற்றவன். அந்தத் திமிரில் முதல் பெஞ்சு. பக்கத்தில் சரக்கு ஏற்றும் அந்தோணி. சிங்கப்பூர்க் காலேஜில் இரண்டு தடவை தவறினான். மூன்றாவதற்குள் ஜப்பான் சண்டை வந்து காலேஜையே மூடிவிட்டார்கள். இங்கேயும் முதல் இரண்டு பரீட்சை போய்விட்டது.

"உனக்குப் படிப்பு ஏறாதுடா, சயாமுக்கு மூட்டையைக் கட்டு" என்றேன், எல்லோர் முன்னாலும். சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டுச் சொன்னான்: "இன்னும் ஒண்ணு இருக்குல்லண்ணே."

பாலோவிலிருந்து பதில்

தாளுக்குப் பஞ்சம். எஞ்சினுக்கு விறகு கொண்டு வரும் பெட்டிகள் லாபிஸுக்கும் பாலோவுக்கும் தினமும் போய்வரும். அவற்றின் பக்கவாட்டில் அந்தோணி சுண்ணக்கட்டியால் எழுதி அனுப்புவான். பாலோ ஸ்டேஷன் குமாஸ்தா காதர், முதல் பரீட்சையிலேயே தேறியவர், தப்புகளைத் திருத்தி விடுவார். விடிந்ததும் இவன் ஓடிவந்து பார்ப்பான். நாளாக ஆகத் திருத்தங்கள் குறைந்தன.

எனக்குப் பொறுக்கவில்லை. பெட்டி துடைக்கிற பெயரில், அவன் வருமுன் ஈரக் கோணியால் எல்லாவற்றையும் அழித்தேன். ஒரு நாளல்ல, பரீட்சை வரைக்கும் ஒரு வாரம். வெறும் பலகை முன்னால் நின்று அவன் மலாய்க்காரர் போல வியந்து கேட்டான்: "அலமாக், மழைகூட பெய்யலையேண்ணே?"

பட்டியல்

மூன்றாம் பரீட்சைப் பட்டியலில் அவன் பெயர் என் பெயருக்கு மேலே இருந்தது. சந்தோஷப்படுவதா, ஓடி ஒளிவதா தெரியாமல், "அந்தோணி, அந்தப் பெட்டி..." என்று ஆரம்பித்தேன்.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "தெரியும்ணே. உங்க கோணியெல்லாம் வெள்ளையா இருந்துச்சே. எது தப்புன்னு தெரியாம, எல்லாத்தையும் பத்துப் பத்துத் தடவை எழுதினேன். சயாமுக்குப் போயிருந்தா, அங்கேயும் உங்களைத்தான் நெனச்சிருப்பேன்."

அவன் தேறியதில் எனக்கும் பங்கு உண்டு, ஓர் ஈரக் கோணி அளவுக்கு.