வாறன் என்றதற்கு வந்த பதில்

புத்தளத்துக் கடைக்கார ராத்தா என்னை ஒரு நாளும் ‘நீங்கள்’ என்று சொன்னதில்லை. என் ஸலாத்துக்குப் பதில் சொல்லாமல் விட்டதும் இல்லை. அன்று அவருக்குப் போன் எடுத்து “அஸ்ஸலாமு அலைக்கும் ராத்தா” என்றேன். அவருடைய அதே கட்டைக் குரல் சொன்னது:

“வணக்கம். நீங்கள் யார் பேசுகிறீர்கள்?”

ராத்தா என்னோடு கோபம் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் வீடு மன்னாரில் அரிப்புப் பக்கம், கடற்கரையோடு. கரையில் மீன் வாங்கி, வெட்டி, உப்புப் போட்டு, முற்றத்துக் கம்புப் பரணில் காயவைத்து அனுப்புவதுதான் எனக்கும் மகளுக்கும் தொழில். காய்ந்த கருவாடு பஸ்ஸில் புத்தளம் போகும். எங்களிடம் வாங்குவது, அக்கா முறை வைத்து நான் ராத்தா என்று கூப்பிடுகிற அவருடைய கடை ஒன்றுதான். இன்னொரு கடைக்குப் போய்ப் பேசுகிற வாய் எனக்கு இல்லை.

ராத்தாவைப் பிடித்ததும் நான் பேசி அல்ல. சண்டைக் காலத்தில் ஊரை விட்டு விரட்டப்பட்டு எங்கள் சனமெல்லாம் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் இருந்தபோது, ஒரு சின்னக் கட்டுக் கருவாட்டோடு அவருடைய கடை வாசலில் போய் நின்றேன். உள்ளே போகவும் இல்லை, கேட்கவும் இல்லை. வெயில் ஏறும்வரை நின்றேன். கடைசியில் அவரே எட்டிப் பார்த்தார்.

“என்ன புள்ள, கருவாடு வாசம் மூக்குக்கு வருது. ஒன்ட சத்தம் மட்டும் காதுக்கு வருதில்ல.”

அன்றைக்கு அவர் ஒன்று சொன்னார். “நல்லத நீ சொல்லத் தேவல்ல, அத நான் பாத்துக்குவன். பழுது இருந்தா மட்டும் நான் பாக்க முந்தி நீ சொல்லிடு.” அதை நான் தவறவிட்டதில்லை. மழைக்கால ஈரம் ஏறினதா, உப்புக் கூடினதா, போன் எடுத்துச் சொல்லிவிடுவேன். அவரும் அதற்குத் தக்கபடி விற்பார். நாங்கள் ஊருக்குத் திரும்பிய பிறகும் இது இப்படியே நடந்தது. கருவாடு போன சாக்கு, புத்தளத்து உப்போடு எனக்குத் திரும்பி வரும். சாக்கின் வாயை ஒரு நீலத் துணிக் கிழிசலால் இறுக்கி இரட்டை முடிச்சுப் போட்டிருப்பார். அதை அவிழ்க்க மகளுக்குப் பல்லுத்தான் வேண்டும். “உப்பைக் கட்டுறாவா, யானையைக் கட்டுறாவா” என்று திட்டிக்கொண்டே அவிழ்ப்பாள்.

போனில் என் சத்தம் ராத்தாவுக்குக் கேட்காவிட்டால் கடையில் நிற்பவர்களைத்தான் அவர் அதட்டுவார். “கொஞ்சம் பேசாம இரிங்க, மன்னார்ப் புள்ள பேசுது.” நான் முடிக்கும்போது “வாறன் ராத்தா” என்பேன். அவர் “வா புள்ள, அல்லாட காவல்” என்பார். போன் வைப்பதற்கும் நாங்கள் வாறன் என்றுதான் சொல்வோம். போறன் என்று வாயால் சொல்வதில்லை. ஊரை விட்டு வெளிக்கிட்ட நாளில்கூடப் பக்கத்து வீட்டு ஆட்களிடம் வாறம் என்றுதான் சொன்னோம். வருவதற்கு எத்தனையோ வருசமாகிவிட்டது. ஆனால் வந்தோம்.

இனி அந்தப் போனுக்கு வருகிறேன். அதற்கு முந்தியே என் மனதில் ஒரு பயம் இருந்தது. கடைசியாக வந்த உப்புச் சாக்கில் நீலத் துணி இல்லை. பிளாஸ்ரிக் பட்டி போட்டுக் கட்டியிருந்தது. நான் அனுப்பின கருவாடு வழியில் நனைந்து பழுதாகிவிட்டதோ, அந்தக் கோபமோ என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் இந்த ‘நீங்கள்’.

“நான்தான் ராத்தா. மன்னார்” என்றேன்.

“மன்னிக்கவும். உங்கள் குரல் தெளிவாகக் கேட்கவில்லை. சற்று உரக்கப் பேசுங்கள்.”

ராத்தாவா என்னை உரக்கப் பேசச் சொல்வது. முற்றத்துக்குப் போய் நின்று கத்தினேன். மழையால் காயவில்லை, இந்தக் கிழமை அனுப்ப ஏலாது என்று சொன்னேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை வேலிக்கு மேலால் தலையை நீட்டி, “மாமி, ஆருக்கு ஏசுறீங்கள்? உங்களுக்கு ஏசவும் தெரியுமா?” என்றாள். எனக்கு வெட்கத்தில் கண் தெரியவில்லை.

“இந்தக் கிழமை பொருள் இல்லை. சரியா? ஆம் அல்லது இல்லை என்று சொல்லுங்கள்” என்றது குரல்.

“ஓம் ராத்தா.”

“மன்னிக்கவும். ஆம் அல்லது இல்லை என்று சொல்லுங்கள்.”

“ஓம், ஓம்.”

மூன்றாம் தரமும் அதையே கேட்டது. அரசாங்கக் கந்தோரில் நிற்க வைத்துக் கேட்பதைப்போல என்னை நிற்க வைத்துக் கேட்கிறாரே என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் வாசித்ததைப்போல “ஆம்” என்று சொன்னேன். அப்போதுதான் விட்டது. இதற்குமேல் தாங்காது என்று, “அப்ப நான் வாறன் ராத்தா” என்றேன்.

வா புள்ள என்று வரும் என்று காத்திருந்தேன். கோபம் எவ்வளவு இருந்தாலும் அது வரும் என்று நம்பினேன்.

“எப்போது வருகிறீர்கள்?” என்றது ராத்தாவின் குரல்.

விளக்கம் சொல்ல நேரில் வரச் சொல்கிறார் என்று விளங்கிக்கொண்டேன். “சனிக்கிழமை” என்று என் வாய் சொல்லிவிட்டது.

“நன்றி. சனிக்கிழமை வருவதாகக் குறித்துக்கொண்டேன்.”

மகள் தைத்த உடுப்புகளைக் கொடுத்துவிட்டு வந்தபோது நான் பரணுக்குக் கீழே இருந்தேன். நடந்ததைச் சொன்னேன். அவள் போனை வாங்கி அந்த நம்பருக்கு எடுத்து, எனக்கும் கேட்கிறமாதிரிச் சத்தத்தைக் கூட்டிவைத்தாள். “வணக்கம். நீங்கள் யார் பேசுகிறீர்கள்?” அவள் வெட்டிவிட்டுத் திரும்ப எடுத்தாள். “வணக்கம். நீங்கள் யார் பேசுகிறீர்கள்?”

“உம்மா, கேட்டீங்களா. மூச்சு விடுற இடமும் ஒண்டாத்தான் இருக்கு. இது ஆள் இல்ல. மெசின்.”

“மெசினுக்கு எப்பிடி ராத்தாட குரல்?”

“இப்ப ஆர்ட குரலையும் எடுக்கலாம் உம்மா. அந்த ஆள் பேசின வாய்ஸ் கொஞ்சம் இருந்தாக் காணும். பேர் கேக்கும், சாமான் கேக்கும், பதில் சொல்லும்.”

கொஞ்ச நேரம் எனக்கு ஆறுதலாக இருந்தது. ராத்தா என்னோடு கோபம் இல்லை. பிறகு மகளின் முகத்தைப் பார்த்தேன். அவளும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். உயிரோடு கடையில் இருக்கிற ஆளுக்கு ஏன் மெசின் பேசவேண்டும்? அந்தக் கடைக்கு வேறு நம்பர் எங்களிடம் இல்லை. விசாரிக்கத் தெரிந்த ஆளும் புத்தளத்தில் இப்போது இல்லை.

“நான் போய்ப் பாத்திட்டு வாறன்” என்றாள் மகள்.

“நீ பரணைப் பார். வாறன் எண்டு சொன்னது நான்.”

சனிக்கிழமை முருங்கன் சந்தியில் பஸ் ஏறினேன். தனியாக அவ்வளவு தூரம் போனதில்லை. கட்டுக்கரைக் குளம் நிறைந்து கிடந்தது, அதையும் சரியாகப் பார்க்கவில்லை. மடியில் இருந்த பைக்குள் நல்ல கட்டா மீன் கருவாடு ஒரு பொட்டலம் வைத்திருந்தேன். மதவாச்சி தாண்டின பிறகுதான் நினைவு வந்தது, ராத்தா மௌத்தாகியிருந்தால், சாவு வீட்டுக்குக் கருவாடு கொண்டு போவதா என்று. அதை எடுத்துப் பையின் அடியில், என் மாற்று உடுப்புக்குக் கீழே மறைத்தேன். அப்படி மறைத்ததே சரியில்லை, நானே முடிவு கட்டிவிட்டேனே என்று திரும்ப மேலே எடுத்து வைத்தேன். அனுராதபுரத்தில் ஒருவர் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

கடை திறந்திருந்தது. ராத்தாவின் மகன் கல்லாவில் இருந்து எழும்பி ஓடி வந்தான்.

“வாங்க சாச்சி. மன்னார்ச் சாச்சி வாறாங்க எண்டு சிஸ்டத்துல காட்டிச்சு. நான் நம்பவே இல்ல. பிழையாக் குறிச்சிருக்கும் எண்டு நெனச்சன்.”

அவன் சிரித்துக்கொண்டு நின்றான். “ராத்தா?” என்று மட்டும் கேட்டேன்.

“உள்ளுக்குத்தான். வாங்க.”

கருவாட்டுப் பொட்டலத்தைக் கல்லாவில் வைத்துவிட்டு அவன் பின்னால் போனேன்.

கடைக்குப் பின்னால் உள்ள அறையில் ராத்தா கட்டிலில் சாய்ந்திருந்தார். பாரிசவாதம். வலப் பக்கம் விழுந்துவிட்டது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. என்னைக் கண்டதும் இடக் கையைத் தூக்கினார். நான் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் இருந்தேன். பேச்சு முழுதாக நின்றுவிட்டது என்றான் மகன்.

“ஏன் மகன் எனக்குச் சொல்லேல்ல?”

“சொல்லக்கூடாது எண்டு இல்ல சாச்சி. இந்தக் கடைக்கு வாற ஆக்கள், அனுப்புற ஆக்கள் எல்லாம் உம்மாட சத்தத்த நம்பித்தான். நான் எடுத்துப் பேசினா, உம்மா எங்க எண்டு கேட்டுட்டு வெச்சிருவாங்க. யாவாரம் போயிடும். உம்மா அனுப்பின வாய்ஸெல்லாம் என்ட போன்ல கெடந்திச்சு. கொழும்புல ஒரு பொடியனுக்குக் குடுத்துச் செஞ்சன்.”

அவனைப் பிழை சொல்ல எனக்கு வரவில்லை. அவன் சொன்னதும் உண்மைதான். நானே அந்தக் குரலை நம்பித்தானே இவ்வளவு காலம் அனுப்பினேன்.

அப்போது கடையில் போன் அடித்தது. அதை எல்லோருக்கும் கேட்கிறமாதிரி வைத்திருந்தார்கள். “வணக்கம். நீங்கள் யார் பேசுகிறீர்கள்?” என்று ராத்தா கேட்டார். யாரோ கட்டா என்ன விலை என்றார்கள். ராத்தா விலை சொன்னார். எனக்கு முன்னால் ராத்தாவின் வாய் மூடியிருந்தது. அவருடைய குரல் சுவருக்கு அந்தப் பக்கம் யாவாரம் செய்துகொண்டிருந்தது. நான் மனதுக்குள் ஓதத் தொடங்கினேன். என் கையைப் பிடித்திருந்த பிடி இறுகியது. ராத்தா கதவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பயந்தது நான் மட்டுமில்லை என்று விளங்கியது.

பஸ்ஸுக்கு நேரமானதும் குனிந்து, “வாறன் ராத்தா” என்றேன். அவருடைய உதடு அசைந்தது. காற்றுத்தான் வந்தது. என் பர்தாவின் கைப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

மகன் வாசல்வரை வந்தான். ஏன் அழுகிறேன் என்று கேட்டான். நான் யாரிடமும் அவ்வளவு பேசுகிற ஆள் இல்லை. ஆனால் வாறன் என்று சொன்னதையும், அதற்கு வந்த பதிலையும், ராத்தா எப்போதும் என்ன சொல்வார் என்பதையும் சொல்லிவிட்டேன். அவன் என் கையைத் தட்டிக் கொடுத்தான்.

“அது சின்ன விசயம் சாச்சி. கவலப்படாதீங்க.”

“இன்னொண்டு மகன். உப்புச் சாக்கை ராத்தாவே கட்டட்டும்.”

“வலக் கை ஏலாதே சாச்சி.”

“மற்றக் கையால கட்டட்டும். எப்பிடிக் கட்டினாலும் பறவாயில்ல.”

அடுத்து வந்த சாக்கின் வாயில் நீலத் துணி இருந்தது. ஒற்றைக் கையால் இழுத்துச் சுற்றி, எங்கேயோ ஒரு முடிச்சு. அது வழியிலேயே அவிழ்ந்து உப்பெல்லாம் பஸ்ஸில் கொட்டி, கொண்டக்டர் என்னைத் தெருவில் வைத்து ஏசினார். “இதென்ன கட்டு அம்மா, சின்னப் பிள்ளை கட்டினமாதிரி.” நான் பேசாமல் கேட்டுக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்து அந்தத் துணியைக் கண்ணில் ஒற்றினேன்.

மழை விட்டு, கருவாடும் காய்ந்தது. அனுப்பும் நாளில் போன் எடுத்துச் சொல்லத்தானே வேண்டும். எடுத்தேன். மெசின் கேட்டதற்கெல்லாம் கத்திப் பதில் சொன்னேன். ஓம் என்றது இந்தத் தரம் அதற்கு விளங்கியது. முடிக்கும்போது பழக்கத்தில் வாய் தவறி “வாறன்” என்றேன்.

“வா புள்ள, அல்லாட காவல்” என்றது.

அதே கட்டைக் குரல். அதே இழுப்பு. ராத்தாவின் மகன் எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் பழக்கியிருப்பான். எனக்குப் போன் கையிலிருந்து விழுந்தது. ‘எப்போது வருகிறீர்கள்’ என்று கேட்டபோதாவது அது ராத்தா இல்லை என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. இனி அந்த வழியும் இல்லை. ராத்தா இல்லாமல் போன பிறகும் இந்தக் குரல் எனக்கு வா புள்ள என்று சொல்லும். சொன்னால் நான் எப்படி அறிவேன்?

அதற்குப் பிறகு நான் அதற்கு வாறன் என்று சொல்வதில்லை. அளவைச் சொல்லிவிட்டு உடனே வெட்டிவிடுவேன். மகள் ஏசுகிறாள், மரியாதை இல்லையாம், மெசினுக்கு.

இப்போது எனக்கு இருக்கிறது அந்தச் சாக்கு ஒன்றுதான். பஸ் வருகிற நேரத்துக்கு முந்தியே சந்தியில் போய் நிற்கிறேன். கொண்டக்டர் சாக்கை இறக்கும்போது உப்பைப் பார்ப்பதில்லை, வாயைத்தான் பார்ப்பேன். அவிழ்ந்து கொட்டியிருந்தால் அல்ஹம்துலில்லாஹ், கட்டினது ராத்தாவின் கைதான். போன தடவை கொஞ்சமாகத்தான் கொட்டியிருந்தது. ராத்தாவின் கை தேறி வருகிறது என்கிறாள் மகள். அவருடைய மருமகள் சேர்ந்து பிடித்திருக்கலாம் என்று எனக்குப் பயம்.

இன்றைக்குச் சாக்கு வரவேண்டும். பஸ் இன்னும் வரவில்லை.