பட்டுச்சேலை கட்டிப் போன ரத்தப் பரிசோதனை

நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது என் சித்தப்பா அத்தையாகிவிட்டாள். அப்படிக் கூப்பிட்டுப் பழக எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அவளுடைய அண்ணனான என் அப்பாவுக்கு ஆறு வருடம்.

ஊட்டி காந்தலில் எங்கள் வீட்டுக்கு மேலே, படிக்கட்டு ஏறிப் போனால் அத்தையின் வீடு. அவளைப் போலவே பெண்ணாக மாறிய நான்கு பேர் அவளோடு இருந்தார்கள். வீட்டை விட்டுத் துரத்தப்பட்டு, வேறு வேலை கிடைக்காமல், ஊட்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நின்று பிழைத்தவர்கள். எய்ட்ஸ் பற்றிப் பேச ஜீப்பில் வந்த அதிகாரிகள் முன்னால் கொட்டாவி விட்டவர்கள், அத்தை சொன்னபோது காது கொடுத்தார்கள். ஆணுறை இல்லாமல் யாரோடும் போவதில்லை என்று கூடி முடிவெடுத்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லோரும் சேர்ந்து ரத்தப் பரிசோதனைக்குப் போவது, அதுவும் தலை குனியாமல் பட்டுச்சேலை கட்டிப் போவது என்பதும் அவர்களே வைத்துக்கொண்ட சட்டம். இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. நான்காம் வகுப்பில் எனக்குத் தெரிந்தது பட்டுச்சேலை மட்டும்.

ஒரு சனிக்கிழமை அம்மா கேரட் கழுவும் வேலைக்குப் போகும்போது, அப்பாவுக்குத் தெரியாமல் என்னை அத்தையிடம் விட்டுப் போனாள். மல்லிகையும் பவுடருமாக வீடே மணத்தது. ஏதோ கல்யாணத்துக்குப் போகிறோம் என்று நானும் ரெட்டைப் பின்னலை அவிழ்த்துத் திரும்பப் போட்டுக்கொண்டேன். ஆனால் அவர்களில் இளையவள், தேவர்சோலையிலிருந்து வந்து இரண்டு மாதமே ஆன அக்கா, உள்ளறையில் தாழ் போட்டுக்கொண்டாள்.

“நான் வரல சேச்சி. எனக்கு இருந்துச்சுன்னா? தெரியாமலே இருந்துட்டுப் போறேன்.”

மற்ற மூவரும் கதவைத் தட்டினார்கள், கெஞ்சினார்கள், திட்டினார்கள். அத்தை அவர்களை விலக்கிவிட்டு, சேலை கசங்குமே என்றுகூடப் பார்க்காமல் கதவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

“எனக்கு இருக்குது கண்ணு.”

ஒவ்வொரு தடவையும் பரிசோதனைக்கு முதல் ஆளாக உள்ளே போனவள் இதை யாரிடமும் சொன்னதில்லை.

“ரெண்டு வருசமாச்சு. அன்னிக்கு ஒருத்தியாத்தான் போனேன். சீட்டை வாங்கிட்டு வெளிய வந்தா, அழறதுக்குத் தோள் தர ஒரு ஆளில்லை. இப்ப மாத்திரை சாப்பிட்டுட்டு நல்லாத்தான இருக்கறேன்? உன்னையத் தனியா விடமாட்டேன். நீ வந்தாத்தான் நாங்க போவோம்.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மூத்தவள் வந்து அத்தையை ஒட்டி உட்கார்ந்து அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மற்ற இருவரும் உட்கார்ந்தார்கள். எனக்கோ என்ன இருக்கிறது, யாருக்கு இருக்கிறது என்று ஒன்றும் பிடிபடவில்லை.

“எனக்கும் இருக்குதா அத்தை?”

“உனக்கு வாய்தான் இருக்குது” என்றாள் அத்தை, கண்ணைத் துடைத்துக்கொண்டே. எல்லோரும் சிரித்தார்கள். கதவுக்குள்ளிருந்தும் ஒரு சிரிப்புக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தாழ் விலகியது.

ஐந்து பட்டுச்சேலைகள் மார்க்கெட் வழியாக இறங்கின. “ஏனுங்க, ஆரு ஊட்டுக் கல்யாணமுங்க?” என்று கேட்டார் ஒரு காய்கறிக்காரர். “எங்க ஊட்டுதுதானுங்க” என்றாள் அத்தை, நடையைக் குறைக்காமல்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கும் நம்பிக்கை மையத்துக்குள் போன அந்த அக்கா, கையில் சீட்டோடு அழுதுகொண்டே வெளியே வந்தாள். அத்தை அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஊசி அவ்வளவு வலிக்குமா என்று நான் பயந்தேன்.

சீக்கிரம் தெரிந்ததால் அந்த அக்கா பிழைத்தாள். இன்று கூடலூரில் தையல் கடை வைத்திருக்கிறாள். அந்தப் பக்கத்தில் தன்னைப் போன்றவர்களைப் பரிசோதனைக்குக் கூட்டிப் போகிறவளும் அவள்தான்.

அன்று வீடு திரும்பும்போது, அத்தனை படிக்கட்டிலும் அத்தை அவள் கையை விடவேயில்லை. சொந்த மருமகள் நான் பின்னால் தனியாக ஏறி வர, நேற்று வந்தவளுக்கு இவ்வளவு செல்லமா என்று எனக்கு ஆத்திரம். இரண்டு நாள் அத்தையோடு பேசவில்லை. என்ன கோபம் என்று அவள் கேட்டபோதும் சொல்லவில்லை.