திறக்க மறந்த சோதனை

ஜெயப்பிரியா வேலையை விட்டுப் போனது ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில். ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் இருந்த அலுவலகத்தின் இரண்டாம் மாடியிலிருந்து தண்ணீர் பாட்டிலையும் ஹெட்போனையும் ஜவுளிக்கடைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள். உடன் வேலை பார்த்த தஸ்னீம் வாசல்வரை கூட வந்தாள்.

"பையைக் கொடு, நான் தூக்குறேன்."

"இருக்கட்டுங்கக்கா. ரெண்டு வருசம் வேலை பார்த்தும் பையில கனமே இல்லீங்க."

ஊருக்குப் போகும் ஜலகண்டாபுரம் பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.

ஜாவா நிரல் ஒன்றில் நூற்றுக்கணக்கான கோப்புகள் இருக்கும். ஒன்றைத் திருத்தியதும் எல்லாவற்றையும் மறுபடி கம்பைல் செய்தால், அதாவது கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றினால், அரைமணி நேரம் போய்விடும். எது எதை நம்பி இருக்கிறது என்று நினைவில் வைத்து, தேவையானதை மட்டும் கம்பைல் செய்யும் கருவியை அந்த அலுவலகம் உருவாக்கியது. எழுதியவர்களில் ஒருத்தி ஜெயப்பிரியா. அதன் நினைவு பிசகுகிறதா என்று சோதிப்பவள் அம்மாபேட்டை தஸ்னீம். ஒரு கோப்பில் ஓர் எண்ணை வைப்பாள். இன்னொன்று அதை எடுத்துக்கொள்ளும். எண்ணை மாற்றிவிட்டு, இரண்டாவதும் மறுபடி கம்பைல் ஆகிறதா என்று பார்ப்பாள். ஆகாவிட்டால் அது பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருக்கும். பிழைச் செய்திகூட வராது.

அந்தச் சோதனை சில நாள் காரணமில்லாமல் தோல்வி என்று சிவப்புக் காட்டும். ஒரு செவ்வாயன்று அவசரத்தில், அது ஓடாதபடி மேலே ஒரு வரி சேர்த்தாள். மறுநாள் எடுத்துவிடலாம் என்று நினைத்தாள், மறந்துபோனாள். அந்த வாரம்தான் கருவியில் ஜெயப்பிரியா செய்த ஒரு திருத்தம், அதிலிருந்த பிழையோடு உள்ளே போனது. அந்தக் கருவியால் கம்பைல் செய்த ஒரு லாரி நிறுவனத்தின் மென்பொருளில் பார வரம்பைக் குறைத்த பிறகும் பழைய வரம்பே நின்றது. மூன்று நாள் லாரிகள் அதிகப் பாரத்தோடு ஓடின. அந்த நிறுவனத்தின் ஒப்பந்தம் கைவிட்டுப் போயிற்று.

"தஸ்னீமோட சோதனை அத்தனையும் பச்சை. அதையே ஏமாத்திட்டு வந்திருக்குது உன்ற திருத்தம். பெரிய கெட்டிக்காரி நீயி," என்றார் மேலாளர் சந்தோஷ்குமார், மீட்டிங்கில் எல்லார் முன்னும்.

ஜெயப்பிரியா தஸ்னீமைத் திரும்பிப் பார்த்தாள். தஸ்னீமுக்கு அந்த ஒரு வரி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவளுடைய பணிநிரந்தரக் கடிதம் சந்தோஷ்குமாரின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அவள் மடிக்கணினியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழி விழுந்த ஜெயப்பிரியா அந்த வெள்ளிக்கிழமை போனாள். திங்கட்கிழமை தஸ்னீம் யாருக்கும் தெரியாமல் அந்த வரியை எடுத்தாள். கடிதம் கைக்கு வந்தது. ஜெயப்பிரியாவுக்கு ஒரு வருடம் எங்கும் வேலை கிடைக்கவில்லை என்றும், பிறகு ஊரிலேயே ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கிறாள் என்றும் கேள்விப்பட்டாள். எத்தனையோ முறை அவளுக்கு வாட்ஸாப்பில் எழுதினாள். எழுதியதையெல்லாம் அனுப்பாமலே அழித்தாள்.

மூன்றாம் வருடம், சாப்பாட்டு வேளையில் ஜெயப்பிரியாவிடமிருந்தே செய்தி வந்தது.

"அக்கா, அந்தச் சோதனையை நிறுத்துனது நீங்கன்னு மீட்டிங்குக்கு முந்தியே பார்த்துட்டனுங்க. யாரு எந்த வரியை மாத்துனாங்கன்னு பேரோட பதிவு இருக்குமுங்களே. நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். ஊருக்கு வந்தும் ரொம்ப நாள் எதிர்பார்த்தேன். இப்ப எதிர்பார்க்கறதில்லீங்க. அதைச் சொல்லத்தான்."