மூன்றே முக்கால் மணி நேரம்

முதல்முறை மஸ்கட் போனபோது மும்பையில் இறங்கி, தோஹாவில் இறங்கி, கிட்டத்தட்ட ஒன்றரை நாள் அலைந்தேன். ஒலக்கூர் பக்கத்துக் கிராமத்தில் இருந்த அம்மாவிடம் அதைத்தான் சொன்னேன். அன்றைக்கு அது உண்மை. அடுத்த முறை சென்னையிலிருந்து நேராகப் பறந்தேன்; மூன்றே முக்கால் மணி நேரம். அதை மட்டும் சொல்லவில்லை.

தங்கை மகளின் காதுகுத்துக்குக் கூப்பிட்டபோது அந்த ஒன்றரை நாள் கைகொடுத்தது. போக ஒன்றரை, வர ஒன்றரை, லீவு அதிலேயே போய்விடும் என்றேன். அம்மா நம்பினாள்.

போன வருடம் அப்பாவுக்கு விழுப்புரத்தில் குடலிறக்க ஆபரேஷன்.

"வந்துட்டு போயேன்டா. எனக்கு கையும் ஓடல, காலும் ஓடல" என்றாள் அம்மா போனில்.

"நான் வந்து சேர்றதுக்குள்ள அப்பாவ வீட்டுக்கே அனுப்பிடுவாங்கம்மா."

அந்த வெள்ளிக்கிழமை நண்பர்களோடு கடற்கரைக்குப் போய் மீன் சுட்டுத் தின்றேன்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தேன். அடுத்த தெரு கிறிஸ்தவர் வீட்டுப் பெண், மஸ்கட்டில் நர்ஸாக இருப்பவள், அப்பாவைப் பார்க்க வந்தாள். அம்மா முறத்தில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டே, "ஒன்றரை நாளு பிளேன்ல குந்திக்கினு வந்தியே, அசதியா இல்லியாம்மா?" என்று அவளைக் கேட்டாள்.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "ஒன்றரை நாளா? நாலு மணி நேரம் கூட ஆவாது பெரிம்மா. காலையில அங்க ஏறினேன், பொழுது சாயறதுக்குள்ள இங்க வந்துட்டேன்."

அம்மாவின் கை நின்றது. அவள் என்னைப் பார்ப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"இவன் கம்பெனி போட்டுத்தர டிக்கெட்டு வேறம்மா. சுத்திக்கினு வரும்."

அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

பொய் சொன்னபோது கூட எனக்கு இப்படி உடம்பு கூசவில்லை. எனக்காக அப்பா பொய் சொன்னதும் என்னால் உட்கார முடியவில்லை.

"அப்படியெல்லாம் இல்லப்பா" என்றேன். "எனக்கும் அதே பிளேன்தான்."

"தெரியும்" என்றார். "ஆஸ்பத்திரியில பக்கத்து பெட்டுக்காரரு மவனும் மஸ்கட்டுதான். கூப்ட்ட மறுநாளே வந்து நின்னான். எத்தினி மணி நேரம்னு அவனையே கேட்டேன். ஒங்கம்மாகிட்ட சொல்லிக்கல."

அம்மா முறத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் கிளம்பும்வரை வேளாவேளைக்குச் சோறு போட்டாள், துணியை மடித்துப் பெட்டியில் வைத்தாள். ஏன் என்று மட்டும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு முறை ஊருக்குப் போய் வந்துவிட்டேன், காரணம் எதுவும் இல்லாமலே. அம்மா இப்போது என்னை வா என்று கூப்பிடுவதில்லை.