ஜிப்ஸியை இரண்டு அங்குலம் உயர்த்தியது

புனே பக்கம் தேஹு ரோடு ராணுவ டிப்போவில் ஹெலினாவுக்கு வேலை கிடைத்தது 1991இல். அவள் அப்பா ஆண்டனி சர்வீஸில் இருக்கும்போதே இறந்துபோனதால் கிடைத்த வேலை. வண்டிகளின் உதிரி பாகங்களை அடுக்கி வைத்திருக்கும் ஸ்டோரில் கிளார்க். எந்த ஸ்பிரிங் எந்த வண்டிக்கு, அது எத்தனையாவது ரேக்கில் எத்தனையாவது தட்டில் இருக்கிறது என்பதெல்லாம் சில வருஷங்களிலேயே அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வந்துவிட்டது. வண்டி ஓட்ட மட்டும் தெரியாது. வேலைக்கு அது தேவையில்லை என்பதால் யாரும் கேட்டதுமில்லை.

1993இல் கல்யாணம். மாப்பிள்ளை ஜோனாஸ், முல்ஷிக்கு அப்பால் மலை மேலிருக்கும் ஒரு விடுதிப் பள்ளியில் கணக்கு வாத்தியார். இருவருக்குமே நிரந்தர வேலை. மற்றவர் ராஜினாமா செய்வார் என்று இருவரும் கொஞ்ச காலம் காத்திருந்தார்கள். பிறகு அந்தப் பேச்சு நின்றுவிட்டது. சனிக்கிழமை மதியம் எஸ்.டி. என்கிற அரசாங்க பஸ்ஸைப் பிடித்து ஜோனாஸ் வருவார், ஞாயிறு மாலை திரும்பிப் போவார். பிள்ளை இல்லை. அதைப் பற்றி முதல் ஐந்து வருஷம் பேசினார்கள்.

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை சனிக்கிழமையும் கிடையாது. மழையில் கடைசி ஏழு கிலோமீட்டர் மண்பாதை அரித்துக்கொண்டு போய்விடும். பஸ் அடிவாரத்தோடு திரும்பிவிடும். அந்த நாலு மாதமும் ஜோனாஸிடமிருந்து கடிதம் வரும். "இங்கே நல்ல மழை. நான் சுகம். பாதை இல்லை." பிறகு பள்ளிக்கு டெலிபோன் வந்தது. அதே மூன்று வாக்கியங்கள் டெலிபோனில் வந்தன.

2001 செப்டம்பரில் ஒரு நாள், வேலையில்லாத பிற்பகலில், ஹெலினா பொருள் கேட்டு எழுதும் பழைய இண்டெண்ட் தாளின் பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டாள். ஒன்பது மழைக்காலம், ஒவ்வொன்றும் நாலு மாதம். மூன்று வருஷம் வந்தது. தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு நாலரை மணிக்கு வீட்டுக்குப் போனாள். அடுத்த மாதம் வேறொரு டிப்போவின் ஏலத்தில், ராணுவம் கழித்துக்கட்டிய ஒரு ஜிப்ஸி ஜீப்பை எடுத்தாள்.

சனிக்கிழமை வந்த ஜோனாஸ் வாசலில் நின்ற பச்சை வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இது எதுக்கு?"

"மழைக்கு. நான் வந்து ஒங்களக் கூட்டிட்டு வருவேன்."

"ஒனக்கு ஓட்டத் தெரியாதே."

"படிச்சுக்கிடுவேன்."

"ம்" என்று சொல்லிவிட்டு ஜோனாஸ் கை கால் கழுவப் போனார்.

டிப்போ டிரைவர் இருதயராஜ் குளிர்காலம் முழுக்க அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அவர் அதிகம் பேசமாட்டார். தவறு செய்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். பிப்ரவரியில் நேராகப் பார்க்க ஆரம்பித்தார். அதையே தேர்ச்சி என்று ஹெலினா எடுத்துக்கொண்டாள்.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாதை காய்ந்து கிடக்கும்போதே, ஜோனாஸைப் பள்ளியில் கொண்டுபோய் விட்டாள். ஐந்தாவது கிலோமீட்டரில் ஒரு வளைவு. இரண்டு பக்கமும் சக்கரத் தடம் ஆழமாகக் குழிந்திருக்க, நடுவில் பாறை முதுகைத் தூக்கிக்கொண்டு நின்றது. பஸ் உயரமான வண்டி, அது பாட்டுக்குப் போய்விடும். ஜிப்ஸியின் அடிவயிறு பாறையில் உட்கார்ந்துவிட்டது. ஜோனாஸ் இறங்கித் தள்ளினார். மேலே போய்ச் சேர்ந்தார்கள் என்றாலும், வழியில் கேட்ட அந்தச் சத்தம் ஹெலினாவுக்குப் பிடிக்கவில்லை. காய்ந்த பாதையிலேயே இப்படி என்றால் மழையில் தடம் இன்னும் குழியும். வண்டியை உயர்த்த வேண்டும்.

அவளோடு சர்ச்சில் பாடும் ஸ்டெல்லாவின் மகன் அருண்ராஜ், மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் சினேகிதர்களோடு ஜீப்பைச் சேற்றில் இறக்கி வெளியே இழுப்பது அவர்களுடைய பொழுதுபோக்கு. அவன் வெளிநாட்டு கேட்லாக் ஒன்றை விரித்துக் காட்டினான்.

"ஆன்ட்டி, ஃபோர் இஞ்ச் லிஃப்ட் கிட் போடுங்க. ஸ்பிரிங், ஷாக் அப்ஸார்பர், ஸப்குச், எல்லாமே ஒரே பாக்ஸ்ல வரும். செம லுக் இருக்கும்."

"நாலு அங்குலம் ஏத்தினா புரொப்பல்லர் ஷாஃப்ட் சாஞ்சுரும். உதறாதா?"

அருண்ராஜ் அவளை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான். "கொஞ்சம்... உதறும்" என்றான்.

"பிரேக் ஹோஸ் எட்டுமா?"

"அது வேற வாங்கணும்."

"ஒரு பக்கம் பள்ளம் இருக்க பாதை. உயரமான வண்டி ஆடாதா?"

"ஆன்ட்டி, நாங்க கிரவுண்ட்ல தான் ஓட்டுவோம்" என்றான் அவன்.

அரசாங்க ஸ்டோரில் வேலை பார்த்தவளுக்கு ஒரு பொருளை வாங்க ஒரு வழிதான் தெரியும். மூன்று கொட்டேஷன், அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒரு ஒப்பீட்டுத் தாள். நானா பேட்டில் ஒரு கடைக்காரர், ஸ்பிரிங்கைத் தொடவே வேண்டாம், பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே கட்டை வைத்துத் தூக்கினால் போதும் என்றார். அப்படிச் செய்தால் மேலே உட்கார்ந்திருப்பவர்தான் உயர்வார், பாறையில் இடிக்கிற பாகம் இருந்த இடத்திலேயே இருக்கும். அவரைத் தாளிலிருந்து அடித்துவிட்டாள். இன்னொருவர், இருக்கிற ஸ்பிரிங்கோடு ஒரு பட்டையைக் கூடுதலாகச் சொருகித் தருவதாகச் சொன்னார். மலிவு. ஆனால் ஸ்பிரிங் கட்டை மாதிரி விறைத்துவிடும், ஜோனாஸுக்கு ஏற்கெனவே இடுப்பு வலி. அவர் பெயருக்கு எதிரே 'இடுப்பு' என்று எழுதினாள். அருண்ராஜின் கேட்லாக்குக்கு எதிரே 'பள்ளம்' என்று எழுதினாள்.

மூன்றும் தள்ளுபடியான பிறகுதான், எத்தனை அங்குலம் தேவை என்பதையே யாரும் அளக்கவில்லை என்று அவளுக்கு உறைத்தது.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, வாளி நிறையச் சுண்ணாம்பைக் கரைத்து, சாக்கை விரித்துப் படுத்து, ஜிப்ஸியின் அடிவயிறு முழுக்கப் பூசினாள். பக்கத்து வீட்டு விசாலம் வேலி ஓரம் நின்று பார்த்தாள். "வீட்டுக்கு அடிக்கலியா, வண்டிக்கு அடிக்க?" என்றாள். "வீடு எங்கயும் இடிக்கல" என்றாள் ஹெலினா. சுண்ணாம்பு காய்ந்ததும் மலைக்கு ஓட்டிப்போய், அந்தப் பாறை மேல் ஊர்ந்து ஏறி இறங்கி, அங்கேயே நடுப்பாதையில் மறுபடியும் சாக்கை விரித்தாள். மூன்று இடத்தில் சுண்ணாம்பு போயிருந்தது. கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில் நன்றாக. சைலன்சர் குழாயின் வளைவில் நன்றாக. பின் அச்சின் நடுவில் உருண்டையாகப் புடைத்திருக்கும் டிஃபரன்ஷியலில் நகக்கீறல் அளவுக்கு. பாறையையும் தடத்தையும் அடிக்கோல் வைத்து அளந்தாள். ஒன்றரை அங்குலம் போதும். மழையில் தடம் குழிவதற்காக ஒரு அரை அங்குலம் சேர்த்துக்கொண்டாள்.

அந்த அளவோடு காஸர்வாடியில் லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை அடிக்கும் ஷிந்தே மிஸ்திரியிடம் போனாள். தாளை வாங்கி அவர் இரண்டு தடவை படித்தார்.

"ரெண்டு அங்குலத்துக்கு நான் புதுசா வளைச்சுத் தர்றேன் மேடம்" என்றார் மராத்தியில். "ஆனா புது ஸ்பிரிங் ஓட ஓட அரை அங்குலம் உட்காரும். ரெண்டரை வச்சுத் தரேன். இந்த மூணாவது இடம் மட்டும் என் கையில இல்ல. அச்சு சக்கரத்தோட நிக்குது. ஸ்பிரிங்க ஆகாசத்துக்கு ஏத்துனாலும் அது அங்கதான் இருக்கும்."

"அதுக்கு ஒரு அளவு பெரிய டயர் போடுதேன். முக்கால் அங்குலம் ஏறும்."

மிஸ்திரி தன் ஆளைக் கூப்பிட்டு நாற்காலி கொண்டுவரச் சொன்னார். அந்தப் பட்டறையில் அதுவரை யாரும் உட்கார்ந்ததாகத் தெரியவில்லை. நாற்காலி வர நேரமாயிற்று.

மே கடைசியில் வண்டி தயார். ஜூன் முழுக்க மழை கொட்டியது. ஜூலை முதல் சனிக்கிழமை ஹெலினா அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினாள். ஜோனாஸிடம் சொல்லவில்லை. சொன்னால் பாதை இல்லை என்பார்.

பாதை இருந்தது. பாதையென்று சொல்ல முடியாது, சிவப்பாக ஒரு ஓடை ஓடிக்கொண்டிருந்தது. ஃபோர் வீல் போட்டு, முதல் கியரில், இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். ஐந்தாவது கிலோமீட்டரில் பாறை அடியில் போனது, ஒரு சத்தமும் இல்லை. அவளுக்குக் கண்ணீர் வந்தது. வைப்பரை வேகமாக வைத்தாள், அது அதற்கு உதவவில்லை.

அடுத்த வளைவில் எதிரே ஒரு ஹாரன். மேலேயிருந்து பால் கேன்களை ஏற்றிக்கொண்டு ஒரு பழைய ஜீப் இறங்கி வந்தது. எதையும் உயர்த்தாத, வழுக்கை டயர் போட்ட ஜீப். டிரைவர் கோண்டிபா அவளுக்கு வழிவிட்டு ஓரம் கட்டினான். ஹெலினா கண்ணாடியை இறக்கினாள்.

"மழையிலயும் வண்டி வருமா?"

"தினம் ரெண்டு நடை" என்றான் கோண்டிபா. "மாடு மழைன்னு பால நிறுத்துமா?"

"அந்தப் பாறை?"

"பாறை மேல எதுக்குப் போகணும்? இந்தப் பக்கம் மேட்டுல ஒரு சக்கரத்த ஏத்திக்கிட்டா போச்சு."

"ஆள் ஏத்துவியா?"

"பள்ளிக்கூடத்து ஆளுங்கள்லாம் நம்ம வண்டிதான். கணக்கு வாத்தியார் மட்டும் வரமாட்டார்."

பள்ளிக்கூடத்தில் ஜோனாஸ் வராந்தாவில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். ஜிப்ஸியைப் பார்த்ததும் சிவப்புப் பேனாவை மூடினார். ஹெலினா இறங்கி வந்து எதிரே பெஞ்சில் உட்கார்ந்தாள். சமையல்காரர் டீ வைத்துவிட்டுப் போனார். டீ ஆறியது.

"பால் வண்டியப் பாத்தேன்."

"ம்."

"ஒம்பது வருஷமா ஓடுதா?"

"அதுக்கு முன்னயிருந்தே ஓடுது."

"ஏன் சொல்லல? நான் வண்டி வாங்குனப்பவாவது சொல்லியிருக்கலாம்லா."

"சொல்லணும்னுதான் நெனச்சேன். அதுக்குள்ள நீ மூணு கொட்டேஷன் வாங்கிட்ட."

ஹெலினா எழுந்து வண்டி வரை போனாள். அங்கே செய்ய ஒன்றும் இல்லாததால் டயரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"என்னப் பாக்கப் பிடிக்கலேன்னா நேரா சொல்லிரணும்" என்றாள்.

ஜோனாஸ் விடைத்தாள்களை அடுக்கினார், கலைத்தார், மறுபடியும் அடுக்கினார். கணக்கு வாத்தியாருக்கு விடை தெரிந்திருந்தது, படிகளை எழுதத்தான் வரவில்லை.

"வாறது கஷ்டமில்ல, ஹெலினா. ஞாயித்துக்கெழம திரும்பி ஏறுதது இருக்கே. பஸ்ல உக்காந்தா எறங்கித் திரும்பிரலாம்னு இருக்கும். முதல் வருஷமே நெனச்சேன், வேலைய விட்டுருவோம்னு. பயமா இருந்துச்சு. மழையில நாலு மாசம் வராம இருந்தா, அந்த நாலு மாசமும் ஒரு ஞாயித்துக்கெழமையும் கெடையாது. அதான்."

மழை தகரக் கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. ஹெலினா ஆறிப்போன டீயைக் குடித்தாள். அவர் சொன்னது அவளுக்குப் புரிந்தது. கோபம் முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது, அதற்கு இன்னும் இரண்டு மழைக்காலம் ஆயிற்று.

"அப்பம் நீங்க வர வேண்டாம்" என்றாள். "நான் வாறேன். ஞாயித்துக்கெழம எறங்குதத நான் பாத்துக்கிடுதேன்."

அப்படித்தான் நடந்தது. மழை நாலு மாதமும் சனிக்கிழமை மதியம் ஹெலினா மலை ஏறினாள். விடுதியின் விருந்தினர் அறையில் தங்கினாள். ஞாயிறு மாலை இறங்கினாள். முதல் தடவை இறங்கும்போது அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். திரும்பிவிடலாம் என்று இருக்கும் என அவர் சொன்னது சரிதான். பிறகு பழகிவிட்டது. பாறைப் பக்கம் அவள் மேட்டில் சக்கரம் ஏற்றியதே இல்லை, நேராக அதன் மேலேயேதான் போவாள்.

2007இல் தார் ரோடு போட்டார்கள். பாறையை வெடி வைத்து எடுத்தார்கள், பஸ் மழையிலும் மேலே போக ஆரம்பித்தது. அருண்ராஜ் ஜிப்ஸியை விலைக்குக் கேட்டான். ஷிந்தே மிஸ்திரியின் ஸ்பிரிங் சரியாக அரை அங்குலம் உட்கார்ந்து இரண்டில் நிற்கிறது என்று அளந்து காட்டினாள், கொடுக்கவில்லை. அந்த வருஷம் ஜூலையில் ஒரு சனிக்கிழமை, அவள் கிளம்பிக்கொண்டிருக்கும்போது, ஜோனாஸ் குடையோடு வாசலில் வந்து நின்றார். பஸ்ஸில் வந்திருந்தார். ஞாயிறு மாலை பஸ்ஸுக்கு நேரமானபோது சட்டையைப் போட்டுக்கொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். பஸ் போய்விட்டது. திங்கட்கிழமை விடியற்காலையில் அவரை ஜிப்ஸியில் ஏற்றி, முதல் வகுப்பு மணி அடிப்பதற்குள் மேலே கொண்டுபோய் விட்டுவிட்டு, பதினோரு மணிக்கு டிப்போவுக்கு வந்து கையெழுத்துப் போட்டாள்.