பத்திக் சட்டையின் நீலம்

என் வீட்டு உடுப்பு என்றால் பத்திக்தான். கொழும்பிலிருந்து அக்கா ஆட்களிடம் கொடுத்தனுப்பும் பத்திக் ஹவுஸ்கோட்டுகளோடுதான் பிராங்பேர்ட்டில் என் சமையலும் கூட்டலும் நடக்கின்றன. மெழுகு வைத்துச் சாயமேற்றிய துணி அது; தோய்த்தால் சாயம் இறங்கும். முதல் தரம் உப்புப் போட்டுத் தனியாகத் தோய்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல.

ஆனால் பிறந்தநாள் சட்டையைத் தோய்த்துவிட்டா போடுவார்கள்? கழுத்தோரத்தில் மஞ்சள் தொட்டு, புதுசாகவே போடுவதுதான் எங்கள் வழக்கம். மகனின் நாலாவது பிறந்தநாளுக்கு அக்கா அனுப்பிய கருநீலப் பத்திக் சட்டைக்கும் அப்படித்தான் மஞ்சள் பூசினேன். அவனோ போடமாட்டேன் என்று கதவுக்குப் பின்னால் ஒளிந்தான். ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். மேல்கையில் விரல்களால் அழுத்தி நுள்ளி இழுத்து வந்து மாட்டினேன். அழுதவன், கேக்கைக் கண்டபின் அந்தச் சட்டையைக் கழற்ற விடவில்லை. வேர்க்க வேர்க்க ஓடி, அதோடேயே நித்திரையானான். மறுநாளும் அதன்மேல் ஸ்வெட்டரை மாட்டி கிண்டர்கார்ட்டனில் விட்டேன்.

பத்து மணிக்கு, நான் வேலையில் நிற்கும்போது, கிண்டர்கார்ட்டனிலிருந்து அழைப்பு வந்தது. உடனே வரட்டாம். ஏன் என்று சொல்லவில்லை.

ஆசிரியை என் முகத்தைப் பார்க்கவில்லை. விளையாட்டுக்கு உடுப்பு மாற்றும்போது மகனின் உடம்பைக் கண்டிருக்கிறார். முதுகு, தோள், கை எங்கும் நீலம், கழுத்தோரத்தில் மஞ்சள். புது அடியும் ஆறிவரும் அடியும் என்று நினைத்துவிட்டார். யூகண்ட்அம்டுக்கும் அறிவித்தாகிவிட்டது. பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று எங்கள் சனம் நடுங்குகிற சிறுவர் நல அலுவலகம் அது. வைத்தியர் பார்த்த பிறகுதான் வீட்டுக்கு விடுவார்களாம்.

"சாயம்" என்று ஜெர்மனில் திரும்பத் திரும்பச் சொன்னேன். தலையாட்டினார்கள். ஒருவரும் நம்பவில்லை.

கணவருக்குப் போன் எடுத்தேன்.

"சாயம் எண்டு மட்டும் சொல்லும். வேறை ஒண்டும் கதையாதையும்."

"வேறை கதைக்க என்ன கிடக்கு?" என்று சீறினேன்.

அவர் "வாறன்" என்று வைத்துவிட்டார்.

வைத்தியர் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து மகனின் முதுகைத் தேய்த்தார். பஞ்சு நீலமானது. அடுத்த பஞ்சும் நீலம். முதுகு வெளுத்துக்கொண்டே வந்தது. அலுவலகத்திலிருந்து வந்திருந்த பெண் முதன்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். போன உயிர் திரும்பி வந்ததுபோல் நானும் சிரித்தேன்.

பிறகு வைத்தியர் மகனின் கைக்கு வந்தார். அப்போதுதான் நேற்றைய என் விரல்கள் நினைவுக்கு வந்தன. நிறுத்துங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், ஏலவில்லை. பயத்தைவிட வெட்கமே பெரிதாக இருந்தது.

தோள் வெளுத்தது. முழங்கையும் வெளுத்தது. மேல்கையின் உட்புறத்தில் ஓர் இடம் மட்டும் நீலமாகவே நின்றது. வைத்தியர் புதுப் பஞ்சு எடுத்து மெதுவாகத் தேய்த்தார். பஞ்சு வெள்ளையாகவே வந்தது.

மகன் கையை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"அம்மா, அதிலை நோகுது."